பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது நத்தைகள்

ஜூன் 9, திங்கள்

மோட்டார் மறுபடி மக்கர். தங்கை பார்லருக்கென்று பிடித்து வைத்திருந்த இரண்டு வாளித் தண்ணீரில் ஒன்றை நான் குளிக்க எடுத்துவிட்டேனாம். "வர்ற கஸ்டமருக்கு எச்சில் துப்பியா முகம் கழுவி விடுறது?" என்று நான் செருப்பு மாட்டுகிற வரைக்கும் விடவில்லை. முன்னறையை அவள் பார்லராக்கியதிலிருந்து இந்த வீட்டில் எனக்கு வாடகைக்கு இருப்பவள் மாதிரித்தான் மரியாதை.

பள்ளியில் நுழைந்ததும் முதல்வர் கூப்பிட்டனுப்பினார். உயிரியல் டீச்சர் பிரசவத்துக்குப் போகிறார். ஒன்பதாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் சூழலியல் பாடத்தை இந்த அரையாண்டு நான் எடுக்க வேண்டுமாம்.

"சார், நான் கணக்கு டீச்சர்."

"அதனாலதான் உங்களைக் கேக்குறேன். நீங்க எடுத்தா தப்பு நடக்காது."

ஜூலையில் துணை முதல்வர் பதவிக்கு நேர்காணல். போட்டியில் நானும் இயற்பியல் சாரும். இந்த நேரத்தில் முடியாது என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? தலையாட்டிவிட்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷமாக விடை சரி, விடை தப்பு என்று இரண்டே வார்த்தையில் பிழைப்பு நடத்தியவள். இனிமேல் பூச்சி புழு.

ஜூன் 10, செவ்வாய்

பாடப்புத்தகத்தைப் படித்தேன். வாழிடம், இனத்தொகை, உயிர்ச்சமூகம், சூழல் மண்டலம். கல்யாண வீட்டில் சொந்தம் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் மாதிரி எல்லாம் ஒரே ஜாடை. மூன்று தரம் படித்த பிறகுதான் பிடிபட்டது. ஒரு நத்தை, அது உயிரி. இந்தத் தோட்டத்து நத்தை எல்லாம் சேர்ந்தால் இனத்தொகை. நத்தையோடு தவளை, காகம், புல், பூஞ்சை என்று கூட இருக்கிற அத்தனை உயிரும் சேர்ந்தால் உயிர்ச்சமூகம். அதோடு மண்ணையும் தண்ணீரையும் வெயிலையும் சேர்த்துக்கொண்டால் சூழல் மண்டலம். கணக்குப் பாடத்தில் வருகிற கணத்துக்குள் கணம், அவ்வளவுதான். இதை முதல் பக்கத்திலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

ஜூன் 13, வெள்ளி

முதல் வகுப்பு. சூழலியல் என்றால் என்ன என்று கேட்டேன்.

"மரம் நடுறது மிஸ்."

"குப்பையைக் குப்பைத்தொட்டியில போடுறது மிஸ்."

"பிளாஸ்டிக் வேணாம்னு பேரணி போறது மிஸ்."

அதெல்லாம் நல்ல பிள்ளைக்கு அடையாளம், பாடம் இல்லை என்றேன். ஓர் இடத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள், யார் யாரைச் சாப்பிடுகிறார்கள், செத்தால் யார் எடுத்துப் போடுகிறார்கள், எத்தனை பேர் கூடுகிறார்கள், எத்தனை பேர் குறைகிறார்கள் — இந்தக் குடித்தனத்தை உட்கார்ந்து பார்ப்பதுதான் சூழலியல். பிடித்திருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு.

முதல் வரிசையில் ஒரு பெண். வாயைத் திறந்தால் மூடுவதில்லை. "அப்போ மனுஷங்களும் அந்தக் குடித்தனத்துல உண்டா, இல்ல வீட்டு ஓனரா மிஸ்?" என்றாள். வக்கீலம்மா என்று பேர் வைத்துவிட்டேன். உண்டு, குடித்தனக்காரர்தான் என்றேன். "அப்போ ஏன் புத்தகத்துல படத்துல இல்லை?" நல்ல கேள்வி. புத்தகம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பள்ளிக்குப் பின்னால் சமையற்கட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம். பாதி காய்கறிப் பாத்தி, மீதி புதர், ஈரம், உதிர்ந்த இலை. தச்சரிடம் சொல்லி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் மரச் சட்டம் செய்து வாங்கியிருந்தேன். சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எறிய வேண்டும், விழுந்த இடத்துக்குள் இருப்பதை மட்டும் எண்ண வேண்டும். அப்படி நாலைந்து தரம் எண்ணினால் முழு நிலத்தையும் ஊகிக்கலாம்.

பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பூ இருக்கிற இடமாகப் பார்த்து அலுங்காமல் வைக்கிறார்கள். "புகைப்படமா எடுக்கப் போறீங்க? கண்ணை மூடு, எறி!" என்று கத்தினேன். வக்கீலம்மா எறிந்தாள். சுவரைத் தாண்டிப் போய் இயற்பியல் சாருடைய பைக்கின் மேல் விழுந்தது. கண்ணாடி போச்சு.

சார் வந்து பார்த்தார். "எறிபொருள் இயக்கம் என் பாடம் மேடம். அதையும் பிடுங்கிக்கிட்டீங்களா?" என்றார். மனுஷன் நல்லவர்தான். அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூன் 20, வெள்ளி

ஒரு சட்டத்துக்குள் பதினோரு வகை உயிர். நான் அங்கே வெறும் புல் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

உணவுச் சங்கிலி. இலை, நத்தை, காகம் என்று பலகையில் அம்புக்குறி போட்டு எழுதினேன். தூங்குமூஞ்சி என்று நான் முடிவுகட்டியிருந்த பையன் எழுந்து, "காக்கா செத்தா மிஸ்?" என்றான். பூஞ்சையும் புழுவும் சிதைக்கும், மண்ணாகும், இலையாகும் என்றேன். "அப்போ சங்கிலி இல்ல மிஸ், வளையல்" என்றான். இவனையா தூங்குமூஞ்சி என்றேன்?

அதைவிட நல்ல சேதி, புத்தகத்தில் எனக்கு வேண்டியது ஒன்று கிடைத்துவிட்டது. ஒரு கூட்டத்தில் மொத்தம் எத்தனை என்று ஒவ்வொன்றாக எண்ணாமலே கண்டுபிடிக்கச் சூத்திரம்! கொஞ்சம் பிடி, அடையாளம் போடு, விட்டுவிடு. சில நாள் கழித்து மறுபடி பிடி. அதில் அடையாளம் போட்டது எத்தனை என்று பார். முதலில் பிடித்ததை இரண்டாவது பிடித்ததால் பெருக்கி, அடையாளத்தோடு கிடைத்ததால் வகு. முடிந்தது. வெறும் விகிதம். கடைசியில் என் வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தாயா என்று இருந்தது.

நத்தைதான் தோது. ஓடாது, கடிக்காது, முதுகில் இடமும் உண்டு.

ஜூன் 26, வியாழன்

தங்கையிடம் நகப்பூச்சு கேட்டேன். "நாப்பத்தெட்டு வயசுல புத்தி வந்துடுச்சா அக்கா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நத்தைக்கு என்றதும் முகத்தைப் பார்க்க வேண்டுமே! காய்ந்துபோகிற நிலையில் இருந்த ரத்தச் சிவப்புப் பாட்டில்கள் மூன்றைத் தூக்கிக் கொடுத்தாள். பளீரென்று இருந்தது. நல்லது, கண்ணுக்குத் தப்பாது என்று நினைத்தேன்.

நூற்றிருபது நத்தை பிடித்தோம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து முதுகில் பொட்டு வைத்தார்கள். பொட்டு என்றால் பொட்டா, அவனவன் பாதி ஓட்டுக்கு அடித்து விட்டிருக்கிறான். மணி அடித்துவிட்டது. பிடித்த இடத்தில் கொண்டுபோய் விட நேரமில்லை. பாத்தி ஓரத்தில், திறந்த தரையில், மொத்தமாகக் கொட்டிவிட்டு வந்தோம். அதுவாக ஊர்ந்து போகும் என்றேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஓய்வறையில் விடைத்தாள் திருத்த முடியவில்லை. வண்டி நிறுத்துகிற தகரக் கொட்டகை மேல் டக், டக் என்று நாள் பூராவும் ஏதோ விழுகிறது. காக்கைகளும் ஒரே கூச்சல். இயற்பியல் சார், "நேர்காணலுக்கு நாள் நெருங்குதுல்ல மேடம், எனக்கு நெஞ்சு அடிக்கிற சத்தம்" என்றார். சிரிக்கவில்லை நான்.

ஜூலை 4, வெள்ளி

மறுபிடி. நூற்று நான்கு நத்தை. அதில் சிவப்பு — ஒன்று.

ஒன்றே ஒன்று! பெருக்கி வகுத்தால் பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது. வகுப்பே ஆவென்று கத்தியது. ஒரு துண்டு நிலத்தில் பன்னிரண்டாயிரமா! எனக்கும் புல்லரித்தது, பொய் சொல்வானேன். வக்கீலம்மா மட்டும், "அவ்ளோ இருந்தா நம்ம கால்ல மிதிபடணுமே மிஸ்" என்றாள். மண்ணுக்குள் இருக்கும், கணக்கு பொய் சொல்லாது என்று உட்கார வைத்தேன்.

நாளைக்குப் பெற்றோர் வருகிற நாள். பெரிய அட்டையில் சிவப்பு மையால் எண்ணை எழுதி மாட்டியாயிற்று.

ஜூலை 7, திங்கள்

வினையாகிவிட்டது. சனிக்கிழமை வந்த பெற்றோரில் ஓர் அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "பன்னிரண்டாயிரம் நத்தையா? சமையற்கட்டுக்குப் பின்னாலயா? பிள்ளைங்க சாப்பாட்டுல விழாதா?" என்று ஆரம்பித்திருக்கிறார். பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். நிர்வாகக் குழு வரைக்கும் போய்விட்டது.

முதல்வர் கூப்பிட்டார். சனிக்கிழமை ஆள் வந்து பின்பக்கம் முழுக்க நத்தை மருந்து போடுகிறாராம். ஒரு மாதத்துக்குப் பிள்ளைகள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

"மருந்து தின்ன நத்தையைத் தவளை தின்னும் சார், காக்கா தின்னும்..."

"நீங்கதானே டீச்சர் எண்ணிச் சொன்னீங்க? நூறு, இருநூறுன்னா விட்டிருப்பேன். குழுவுக்குக் காட்டணும், அந்த எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். "எண்ணுன்னா உங்ககிட்டதான் வாங்கணும்னு குழுவுல பேசிக்கிறாங்க. வெள்ளிக்கிழமை தெம்பா வாங்க" என்றார். வெள்ளிக்கிழமைதான் நேர்காணல். பெருமையாகத்தான் இருந்தது. 

ஜூலை 8, செவ்வாய்

மத்தியானம் கொட்டகைக்குக் கீழே வண்டியை எடுக்கப் போனேன். டக். தலைக்கு மேலே தகரத்தில். வெளியே வந்து பார்த்தால், மேலேயிருந்து எதையோ போட்ட காகம் தகரத்தில் இறங்கி, உடைந்ததைக் கொத்தி விழுங்கிவிட்டுப் பறந்தது. காலடியில் ஒரு சில்லு வந்து விழுந்தது.

சிவப்பு.

காவலாளியிடம் ஏணி கேட்டு ஏறினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நான் ஏணியில் நின்ற கோலத்தைப் பத்தாம் வகுப்புப் பையன்கள் பார்த்துவிட்டார்கள், பார்த்தால் பார்க்கட்டும். தகரத்தின் பள்ளமெல்லாம் ஓடு. உடைந்த ஓடு. எல்லாம் சிவப்பு. தங்கையின் மூன்று பாட்டில் பூச்சும் அங்கேதான் கிடந்தது.

அட மடச்சி! மடச்சி! இலை, நத்தை, காகம் என்று பலகையில் எழுதியது யார்? நானே அம்புக்குறி போட்டு, நானே பளீரென்று சிவப்புப் பூசி, நானே திறந்த தரையில் கொட்டி, வா ராஜா சாப்பிடு என்று பந்தி வைத்திருக்கிறேன். அடையாளம் போட்டதெல்லாம் காகத்தின் வயிற்றில். மறுபிடியில் ஒன்றுதான் கிடைத்தது என்றால் கூட்டம் பெரியது என்று அர்த்தமில்லை. என் சிவப்பு நத்தை செத்தது என்று அர்த்தம். அதுவும் ஒன்றால் வகுத்திருக்கிறேன்! ஒன்றால் வகுத்தால் மேலே இருப்பது அப்படியே விடையாக வரும் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். ஒன்றுக்குப் பதில் இரண்டு கிடைத்திருந்தால் மொத்தம் பாதியாகியிருக்கும். அப்படி ஓர் எண்ணை நம்பிக் கையெழுத்து வேறு.

சனிக்கிழமை மருந்து. மிஞ்சிப்போனால் சில நூறு இருக்கிற நத்தைக்கு, பன்னிரண்டாயிரத்துக்கான மருந்து.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். ஒரு பெண்ணுக்கு நூலால் புருவம் திருத்திக்கொண்டே கேட்டாள். "நூல்ல இருக்கிற கையை ஆட்டாதே அக்கா. யாருக்குத் தெரியும் இது?"

"எனக்கு."

"உன்னைத் தவிர?"

"காக்காவுக்கு."

"காக்கா கமிட்டிக்கு வந்து சாட்சி சொல்லாதுல்ல? வெள்ளிக்கிழமை போய் நேர்காணலை முடி. துணை முதல்வர் ஆயிட்டு அப்புறம் மருந்தை நிறுத்து."

வெள்ளிக்கிழமை நேர்காணல், சனிக்கிழமை மருந்து. முடிவு திங்கட்கிழமைதான் சொல்வார்கள் என்றேன். "அப்போ நத்தைதானே அக்கா, விடு" என்றாள். புருவம் திருத்திக்கொண்டிருந்த பெண்ணும் கண்ணை மூடியபடியே, "நத்தைதானேக்கா" என்றது. எனக்கும் அப்படிச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை.

பதினெட்டு வருஷமாக அந்த நாற்காலிக்குக் காத்திருக்கிறேன். ஆசை இல்லை என்று எழுதினால் இந்த நோட்டே சிரிக்கும். என்னைவிட ஒரு மார்க் குறைவாக எடுத்தவர்கள் எல்லாம் எங்கெங்கோ உட்கார்ந்திருக்கிறார்கள். நான் ஒருத்தி தப்பே செய்யாமல் இங்கேயே நிற்கிறேன். தப்பே செய்யாதவள் என்பதுதான் என்னிடம் இருக்கிற ஒரே சிபாரிசு. அதையும் நானே போய்க் கிழித்துப் போடவா?

ஜூலை 9, புதன்

வகுப்பில் சொல்வதாக இல்லை. சத்தியமாக இல்லை. உணவு வலை நடத்திவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன்.

அட்டை பின்சுவரில் இருந்தது. சிவப்பு எண். பிள்ளைகள் அதைச் சுற்றிப் பூப்போட்ட காகிதம் ஒட்டி அலங்காரம் செய்திருந்தார்கள். "மிஸ், எங்க அப்பா ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு" என்றது ஒன்று. "மருந்து போட்டா எவ்ளோ மிச்சம் இருக்கும்னு மறுபடி எண்ணலாமா மிஸ்?" என்றது இன்னொன்று.

தகரத்திலிருந்து பொறுக்கிக் கைப்பையில் போட்டிருந்த சில்லுகளை மேசையில் கொட்டினேன். கை தானாகச் செய்துவிட்டது.

எல்லாம் சொன்னேன். தகரம், காகம், திறந்த தரை, ஒன்றால் வகுத்தது, எதையும் விடவில்லை.  முன்னால் வளையல் என்று சொன்ன பையன் சில்லுகளைக் குவித்து அடுக்கிக்கொண்டிருந்தான். கடைசியில் வக்கீலம்மாதான் எழுந்தாள்.

"அப்போ அந்த நூத்திப் பத்தொம்பதையும் நாமதான் கொன்னோமா மிஸ்?"

காகம் கொன்றது என்று சொல்லலாம். இயற்கை என்று சொல்லலாம். உணவுச் சங்கிலி, பாடம் ஐந்து.

"ஆமா" என்றேன். "நாமதான். உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான், அதனால நான்."

அவள் உட்காரவில்லை. "எண்ணினதே தப்பா மிஸ்?"

"எண்ணின விதம் தப்பு. நாம அடையாளம் போட்டா அதோட பிழைப்பு மாறக் கூடாது. மாறிச்சுன்னா நாம எண்ணுறது அதை இல்லை, நம்ம பெயின்ட்டை." சொன்ன பிறகுதான் எனக்கே அந்தப் பாடம் புரிந்தது. அந்தச் சூத்திரத்துக்கு மேலே பொடி எழுத்தில் நாலு வரி நிபந்தனை போட்டிருந்தது. நான் நேராகச் சூத்திரத்துக்குப் போனவள்.

"முதல்வர் சார்கிட்ட சொல்லியாச்சா மிஸ்?"

வக்கீலுக்கு வக்கீல்! நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். முப்பது பேர் முன்னால் சொல்லிவிட்டேன். இனி எங்கே ஓட?

ஜூலை 10, வியாழன்

முதல்வர் அறை. ஒரு சில்லை அவர் மேசைக் கண்ணாடி மேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சில்லைத் தொடவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

"திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"ஆமா சார்."

"இன்னைக்கு அது தப்புங்கறீங்க."

"தப்பு சார்."

"நாளைக்கு நேர்காணல் டீச்சர்."

"தெரியும் சார்."

"குழுவுல இதை நான் மறைக்க முடியாது."

"மறைக்க வேணாம் சார். மருந்தை மட்டும் நிறுத்துங்க. எனக்கு ரெண்டு வாரம் குடுங்க, ஒழுங்கா எண்ணித் தரேன்."

"மறுபடியும் எண்ணணுமா!" என்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். ரொம்ப நேரம் தேய்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து மருந்துக்காரரிடம் இந்தச் சனிக்கிழமை வேண்டாம் என்றார். இரண்டு வாரம், அதற்குமேல் ஒரு நாள் கிடையாது என்றார் என்னிடம். வெளியே வந்தேன். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்கு அழுதேன்? நத்தைக்கா, நாற்காலிக்கா? நாற்காலிக்குத்தான்.

ஜூலை 11, வெள்ளி

நேர்காணல். ஐந்து நிமிஷம். முதல் கேள்வியே நத்தை. குழுவில் ஒரு பெரியவர், "கணக்கு டீச்சரே இப்படின்னா..." என்று இழுத்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. மீதியை நான் முடித்துக்கொண்டேன்.

ஜூலை 14, திங்கள்

இயற்பியல் சார்.

கைகொடுத்து வாழ்த்துச் சொன்னேன். வயிறு எரிந்தது. அவர் எதுவும் கிண்டல் செய்யவில்லை, அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் தங்கை ஒரு பாட்டிலோடு வந்தாள். சேற்று நிறம். "நாலு வருஷமா கிடக்கு. இதை எந்தப் பொண்ணும் தொட மாட்டா. இதைப் பூசினா உன் காக்காவும் தொடாது" என்றாள். மண்ணில் வைத்துப் பார்த்தேன். இருக்கிற இடமே தெரியவில்லை. இவளை என்ன சொல்ல! காலையில் ஒரு வாளித் தண்ணீருக்குச் சண்டை போடுகிறவள்.

ஜூலை 15, செவ்வாய்

தொண்ணூற்றாறு நத்தை. இந்த முறை ஓட்டின் அடிப்பக்கம், அரிசி அளவுக்கு ஒரே ஒரு புள்ளி. பிடித்த இடத்தில் குச்சி நட்டு வைத்து, அதே இடத்தில், இலைக்கு அடியில் விட்டோம். மணி அடித்தது. ஒரு பிள்ளை நகரவில்லை. அடுத்த வகுப்பு டீச்சர் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார்.

வக்கீலம்மா கொட்டகைக்கு ஆள் போட்டிருக்கிறாள். இடைவேளைக்கு இரண்டு பேர் முறை வைத்துத் தகரத்துச் சத்தம் கேட்கிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

தகரத்தில் சத்தம் இல்லை. இரண்டு ஓடு மட்டும் கிடந்தது, இரண்டிலும் புள்ளி இல்லை. காகமும் சாப்பிட வேண்டுமே.

ஜூலை 22, செவ்வாய்

தொண்ணூறு பிடித்தோம். ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். புள்ளி இருந்தது இருபத்தொன்று.

பெருக்கி வகுத்தால் நானூற்றுப் பதினொன்று. "நானூத்திப் பதினொண்ணு!" என்று ஒருவன் அட்டையை எடுக்க ஓடினான். நில்லுடா என்றேன். இருபத்தொன்றுக்குப் பதில் பதினேழு கிடைத்திருந்தால்? இருபத்தைந்து கிடைத்திருந்தால்? போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார்கள். ஐந்நூற்றெட்டு. முந்நூற்று நாற்பத்தாறு. அட்டையில் "சுமார் நானூறு, கூடக் குறைய நூறு" என்று எழுதினார்கள். அசிங்கமான விடை. கணக்கில் இப்படி எழுதியிருந்தால் சுழித்திருப்பேன்.

ஜூலை 23, புதன்

முதல்வர் அட்டையைப் பார்த்தார். "இதுல எது சரியான எண் டீச்சர்?" என்றார். முந்நூறு, நானூறு, ஐந்நூறு, மூன்றுமே இருக்கலாம் என்றேன். இதற்கு எப்படிக் கையெழுத்து வாங்குவது என்பது போல் பார்த்தார். பிறகு மருந்து வேண்டாம், தோட்டக்காரர் காலையில் பாத்தியில் இருப்பதை மட்டும் கையால் பொறுக்கிப் புதர்ப்பக்கம் போடட்டும் என்று சொல்லிவிட்டார். பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை. அதில் "முன்னர் தெரிவித்த எண்ணிக்கை பிழையானது" என்று ஒரு வரி. யாருடைய பிழை என்று போடவில்லை. பள்ளியில் யாருக்குத் தெரியாது?

ஓய்வறையில் இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள் நான் நுழைந்ததும். நிறுத்தட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

பத்தாம் வகுப்புக் கணக்கில் ஒரு பையன், "மிஸ், பன்னிரண்டாயிரம்" என்று பின்னாலிருந்து முணுமுணுத்தான். ஒரு காலத்தில் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அவனைப் பலகைக்குக் கூப்பிட்டு, பன்னிரண்டாயிரம் எப்படி வந்தது என்று வகுப்புக்கு விளக்கு என்றேன். திருதிருவென்று விழித்தான். நானே விளக்கினேன். மணி அடிக்கிற வரைக்கும் அதுதான் ஓடியது. விகிதம் இவ்வளவு நன்றாக நான் நடத்தி ரொம்ப நாளாகிறது.

ஆனாலும் துணை முதல்வர் அறையைத் தாண்டும்போது தலை தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. இன்னும் ஆறவில்லை. ஆறாது போல.

ஆகஸ்ட் 27, புதன்

உயிரியல் டீச்சருக்குப் பெண் குழந்தை. போய்ப் பார்த்தோம். அரையாண்டு முடிந்தால் சூழலியலை அவரிடம் ஒப்படைக்க வேண்டும். "ரொம்பக் கஷ்டப்பட்டீங்களாமே மேடம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். கொஞ்சம் வெடுக்கென்றுதான் கேட்டுவிட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

சூழலியல் வகுப்பு நடுவில் இயற்பியல் சார் — துணை முதல்வர் என்று எழுதிப் பழக வேண்டும் — கோப்போடு வந்தார். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். உட்காரச் சொல்லிவிட்டு என் மேசைப் பக்கம் வந்தார்.

கலையரங்கின் மேற்கூரையில் வௌவால் இருக்கிறதாம். நாற்றம், எச்சம். ஓட்டைகளை அடைத்துவிட ஆள் வந்து பார்த்துவிட்டு ஆயிரக்கணக்கில் இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். நிர்வாகக் குழு உடனே அடைக்கச் சொல்கிறது.

"அடைக்கட்டுமே சார், என்கிட்ட எதுக்கு?" என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

"குழுவுல அந்தப் பெரியவர்தான் கேட்டாரு மேடம். ஆயிரம்னு யார் எண்ணினாங்கன்னு. யாரும் எண்ணலை. அப்போ அந்த நத்தை டீச்சரை விட்டு எண்ணச் சொல்லுங்க, அவங்கதான் தப்புன்னா தப்புன்னு சொல்லுவாங்க, அதுவரைக்கும் ஒரு ஓட்டையிலயும் கை வைக்காதீங்கன்னுட்டாரு. முதல்வரும் சரின்னுட்டாரு." கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தார். "உள்ள குட்டி இருக்குமா, எப்போ வெளிய போகும், அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க. எனக்கு இப்போதைக்கு ஒரு எண் வேணும். எத்தனை இருக்கும்?"

முப்பது தலை என் பக்கம் திரும்பியது.

"தெரியாது சார்" என்றேன்.

"தோராயமா?"

"தோராயமாவும் தெரியாது."

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. சார் கோப்பில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். எண் எழுத வேண்டிய கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார்.

"சரி மேடம். எண்ணிட்டுச் சொல்லுங்க, நாங்க காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.